இசைத்தட்டின் மறுபக்கம்: 1982இன் ஒரு ரொக் பாடலும் ஊவாத் தோட்டங்களும்

1. கேள்வி

ஒரு பாடல் எந்த ஆண்டு வெளிவந்தது, எந்த நிறுவனம் வெளியிட்டது, எந்த நாட்டுப் பதிப்பின் பின்பக்கத்தில் எந்தப் பாட்டு இருந்தது என்பன போன்ற விவரங்களை ரொக் இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் நுணுக்கமாகத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். பாடலின் பொருளை ஆராய்வோர் இந்தத் தொகுப்புகளைப் பெரும்பாலும் எட்டிப் பார்ப்பதில்லை. சேகரிப்பாளர்களும் தாம் தொகுத்த விவரங்களுக்கு அப்பால் பொருளைத் தேடிப் போவதில்லை. இதனால் வெளியீட்டு வரலாறு விலைப்பட்டியலாகவும், பாடல் விமர்சனம் வரிகளுக்கு எழுதப்படும் உரையாகவும் பிரிந்து கிடக்கின்றன.

இக்கட்டுரை இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறது. எடுத்துக்கொள்ளும் தட்டு, 'தி கிளாஷ்' என்ற லண்டன் ரொக் குழு 1982இல் வெளியிட்ட 7 அங்குல இசைத்தட்டு. அதன் ஒரு பக்கம் 'ஷுட் ஐ ஸ்டே ஓர் ஷுட் ஐ கோ'. மறுபக்கம் 'ஸ்ட்ரெயிட் டு ஹெல்'. 25 ஆண்டுகள் கழித்து, 2007இல், அந்த மறுபக்கப் பாட்டின் தொடக்க இசையை எடுத்து ஓர் ஈழத்தமிழ்ப் பெண் 'பேப்பர் பிளேன்ஸ்' என்ற பாடலை அமைத்தார். எம்.ஐ.ஏ. என்ற மாயா அருள்பிரகாசம் அவர்.

இதை ஊவாவின் பதுளையிலிருந்து எழுத என்ன தேவை என்ற கேள்வி வாசகருக்கு எழலாம். 'பேப்பர் பிளேன்ஸ்' மீதான விமர்சனங்கள் அதன் துப்பாக்கி ஒலியைக் கேட்டு, ஈழப்போரைத் துணைக்கு அழைத்து, அத்தோடு நின்றுவிட்டன. வெளியீட்டு வழியைப் பின்தொடர்ந்தால் அந்தப் பாடல் போரைவிடக் கடவுச்சீட்டோடும் குடியுரிமைப் பத்திரத்தோடும் நெருங்கிய உறவுடையது என்பது தெரியவரும். பத்திரம் இல்லாததால் இலட்சக்கணக்கானோர் நாடற்றவராக்கப்பட்ட வரலாறு ஊவாவின் தேயிலைத் தோட்டங்களுக்கு உண்டு. அந்த வரலாற்றை உடையவர்கள் இந்தப் பாடலைப் படிக்கவேண்டிய முறை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்வதே என் நோக்கம்.

2. இரு பக்கங்கள்

தொடக்கத்தில் இசைத்தட்டுகளுக்கு ஒரு பக்கம் மட்டுமே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே இருபக்கத் தட்டுகள் பரவின. நம் 78 வேகத் தட்டுகளில் நீண்ட நாடகப் பாட்டு பாகம் 1, பாகம் 2 எனப் பிரிந்து இரு பக்கங்களிலும் ஓடும். முதல் பாகம் முடிந்ததும் எழுந்து தட்டைப் புரட்டிப் போடவேண்டும். அங்கே பின்பக்கத்துக்குத் தாழ்வு எதுவும் இல்லை. அது கதையின் மீதிப் பகுதி.

மேலைநாட்டுச் சந்தையில் 45 வேகத் தட்டு வந்தபின் நிலைமை மாறியது. விற்கவேண்டிய பாட்டு முன்பக்கம், இடத்தை நிரப்பும் பாட்டு பின்பக்கம் என்ற ஏற்பாடு நிலைத்தது. அந்தத் தராதரத்தைக் கேட்பவர்கள் மீறிய தருணங்கள் பல. பில் ஹேலியின் 'ரொக் எரவுண்ட் த குளொக்' 1954இல் பின்பக்கமாக வந்ததுதான். குளோரியா கேனரின் 'ஐ வில் சர்வைவ்' 1978இல் 'சப்ஸ்டிடியூட்' என்ற பாட்டின் பின்பக்கத்தில் இருந்தது. முன்பக்கப் பாட்டை இன்று யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. இரு பாடல்களையும் சமமாக அறிவிக்க விரும்பியபோது 'இரட்டை முன்பக்கம்' என்ற முறையையும் கையாண்டார்கள். பீட்டில்ஸ் குழுவின் 'ஸ்ட்ரோபெரி ஃபீல்ட்ஸ்', 'பென்னி லேன்' இரண்டும் 1967இல் அப்படி வந்தவை.

இலங்கையில் 45 வேகத் தட்டுகள் பல பக்கத்துக்கு இரண்டாக நான்கு பாடல்களைத் தாங்கி வந்தன. சிங்களப் பாட்டில் மின்கிற்றாரைப் புகுத்தியவராகப் போற்றப்படும் கிளரன்ஸ் விஜேவர்தன 1943இல் அப்புத்தளையில் பிறந்தவர் என்பதை நம்மவர் பலர் அறியார். அவர் அனெஸ்லி மாலவனவோடு சேர்ந்து நடத்திய 'மூன்ஸ்டோன்ஸ்' குழு 1960களின் பிற்பகுதியில் இலங்கை வானொலி வழியாக வீடுதோறும் புகுந்தது. கிற்றார், மேளம், குழுவாகப் பாடுதல் என்ற அந்த இசைமுறை ஊவா மலைகளுக்கு அந்நியமானதல்ல என்பதைச் சொல்ல இந்த ஒரு பெயர் போதும்.

3. ஒரு பாட்டு, பல முதுகுகள்: 1982

கிளாஷ் குழு 1976இல் லண்டனில் தோன்றியது. ஜோ ஸ்ட்ரமர், மிக் ஜோன்ஸ், போல் சிமனன், மேளக்காரர் டொப்பர் ஹெடன் ஆகிய நால்வரும் அதன் புகழ்க்காலத்து உறுப்பினர்கள். 'கொம்பாட் ரொக்' என்ற அவர்களது ஐந்தாவது அல்பம் 1982 மே மாதம் வெளியானது. பிரித்தானியாவில் அதிலிருந்து மூன்று தனித்தட்டுகள் வந்தன. ஏப்ரலில் 'நோ யுவர் ரைட்ஸ்'. அதன் பின்பக்கத்தில் அல்பத்தில் இல்லாத 'ஃபர்ஸ்ட் நைட் பாக் இன் லண்டன்'. ஜூனில் 'ரொக் த காஸ்பா'. அதன் பின்பக்கத்தில் 'லோங் டைம் ஜேர்க்', அதுவும் அல்பத்தில் இல்லாதது. அல்பம் வாங்கியவரையும் தனித்தட்டு வாங்கவைக்க, அல்பத்தில் கிடைக்காத ஒன்றைப் பின்பக்கத்தில் வைப்பது வழக்கமான வணிக உத்தி.

மூன்றாவது தட்டு செப்டெம்பரில் வந்தது. இதில் அந்த உத்தியைக் கைவிட்டார்கள். 'ஷுட் ஐ ஸ்டே ஓர் ஷுட் ஐ கோ', 'ஸ்ட்ரெயிட் டு ஹெல்' இரண்டும் அல்பத்தில் ஏற்கெனவே இருந்தவை. இரண்டையும் இரட்டை முன்பக்கமாக அறிவித்தார்கள். அது பிரித்தானியப் பட்டியலில் 17ஆம் இடம் வரை சென்றது.

அமெரிக்காவில் இதே முன்பக்கப் பாட்டுக்கு நேர்ந்தது வேறு. எபிக் நிறுவனம் அதை 1982இலேயே பல பதிப்புகளாக வெளியிட்டது. ஒன்றின் பின்பக்கத்தில் 'இனொக்யுலேட்டட் சிட்டி', இன்னொன்றில் 'கூல் கன்ஃபியூஷன்', வேறொன்றில் 'ஃபர்ஸ்ட் நைட் பாக் இன் லண்டன்'. ஒரு பக்கம் மட்டுமே ஒலிக்கும் பதிப்பும் வந்தது. அதன் மறுபக்கத்தில் பாட்டே இல்லை. இத்தனை முறை முதுகு மாற்றியும் எதிலும் 'ஸ்ட்ரெயிட் டு ஹெல்' இடம்பெறவில்லை. அமெரிக்கப் பட்டியலில் முன்பக்கப் பாட்டு எட்டிய உச்சம் 45ஆம் இடம்.

சேகரிப்பாளரின் பட்டியலில் இவை வெவ்வேறு எண்களாக மட்டும் நிற்கும். பொருள் தேடுவோருக்கு இங்கே ஒரு தடயம் கிடைக்கிறது. முன்பக்கப் பாட்டு, போகவா இருக்கவா என்று காதலியைக் கேட்கும் ஊசலாட்டப் பாட்டு. அதைப் பாடியவர் மிக் ஜோன்ஸ். மறுபக்கப் பாட்டு, இருக்கவும் இடமில்லாமல் போகவும் வழியில்லாமல் நிற்பவர்களைப் பற்றியது. பாடியவர் ஜோ ஸ்ட்ரமர். அமெரிக்கப் படை வியட்நாமில் விட்டுவந்த பிள்ளைகளைப் பற்றிப் பேசும் அந்தப் பாட்டு, அமெரிக்கத் தனித்தட்டு ஒன்றிலும் ஏறவில்லை. வணிகக் காரணம் எதுவாக இருந்தாலும் விளைவு அதுதான். பிரித்தானியப் பதிப்பில் காதலின் கேள்வியும் நாடற்றவரின் கேள்வியும் முதுகோடு முதுகு சேர்ந்து நின்றன. தட்டை வாங்கிப் புரட்டியவர் இரண்டையும் கேட்டார். என் கணிப்பில் கிளாஷ் வெளியிட்ட தனித்தட்டுகளில் மிக முழுமையானது இந்தப் பிரித்தானியப் பதிப்புதான்.

அது கடையில் வைக்கப்பட்டபோது குழு ஏற்கெனவே சிதையத் தொடங்கிவிட்டது. இரு பக்கங்களிலும் மேளம் வாசித்த ஹெடன் அவ்வாண்டு மே மாதமே குழுவிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். முன்பக்கம் பாடிய ஜோன்ஸ் 1983 செப்டெம்பரில் நீக்கப்பட்டார்.

4. மறுபக்கப் பாட்டு

'ஸ்ட்ரெயிட் டு ஹெல்' 1981 டிசம்பர் இறுதியில் நியூயோர்க்கின் எலெக்ட்ரிக் லேடி ஒலிப்பதிவுக்கூடத்தில் உருவானது. இசைத் தளத்தை முதலில் பதிவுசெய்தார்கள். ஸ்ட்ரமர் விடுதி அறையில் இரவு முழுவதும் விழித்திருந்து வரிகளை எழுதினார். ஆண்டின் கடைசி நாள் இரவு குரல் பதிவு முடிந்தபோது நள்ளிரவுக்குச் சில நிமிடங்களே இருந்தன என்று அவரே பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

பாட்டின் தாளம் ரொக் தாளம் இல்லை. பிரேசிலின் போசா நோவாவைத் தழுவிய, இழுத்து இழுத்துப் போகும் நடை. ஹெடன் வாசிக்க, பெரிய மேளத்தின் முன்தோலைத் துவாய் சுற்றிய சோடாப் போத்தலால் ஸ்ட்ரமர் தட்டினார். 'தும்' என்று அமுங்கி ஒலிக்கும் அந்த அடி அப்படி வந்தது. அதன்மேல் கிற்றாரின் சிறு துணுக்கு ஒன்று திரும்பத் திரும்ப வரும். எம்.ஐ.ஏ. பின்னாளில் எடுத்துக்கொண்டது அந்தத் துணுக்கையே. முதற் பதிவு ஏறத்தாழ 7 நிமிடம். அல்பத்துக்காக ஐந்தரை நிமிடமாக வெட்டினார்கள். வெட்டப்படாத வடிவம் 1991இல் 'கிளாஷ் ஒன் புரோட்வே' தொகுப்பில்தான் வெளிவந்தது.

பாட்டு ஓர் ஊரில் நிற்பதில்லை. உருக்காலை மூடப்பட்ட வட இங்கிலாந்து நகரம் ஒன்றில் தொடங்குகிறது. வேலைக்கு என்று வரவழைக்கப்பட்டவர்களை, வேலை போனதும் வெளியேறச் சொல்லும் குரல் அங்கே கேட்கிறது. அடுத்து வியட்நாம். அமெரிக்கப் படைவீரனுக்கும் உள்ளூர்ப் பெண்ணுக்கும் பிறந்த பிள்ளை, தந்தையின் படத்தை வைத்துக்கொண்டு தன்னையும் அமெரிக்காவுக்கு அழைத்துப் போகும்படி கேட்கிறது. தந்தை மறுக்கிறான். பிறகு நியூயோர்க்கின் வறிய தெருக்கள். கடைசியில் பாட்டு, இது எந்த நாட்டிலும் நடக்கக்கூடியது என்று விரிகிறது. ஸ்ட்ரமர் ஒரு பிரித்தானிய அரசதந்திரியின் மகன். துருக்கியின் அங்காராவில் பிறந்தவர். அவருடைய தந்தை பிறந்தது இந்தியாவின் லக்னோவில். பேரரசு ஆட்களை எங்கிருந்து எங்கே கொண்டுபோய்ப் போட்டது என்பதை அவர் வீட்டிலேயே அறிந்திருப்பார்.

இப்பாட்டின் வெளியீட்டுத் தேதியை அன்றைய சட்டங்களின் தேதிகளுக்கு அருகில் வைத்துப் பார்ப்பதை விமர்சகர்கள் செய்யவில்லை. பிரித்தானிய மண்ணில் பிறந்தால் குடியுரிமை என்ற பழைய விதியை முடிவுக்குக் கொண்டுவந்த 1981ஆம் ஆண்டு பிரித்தானியக் குடியுரிமைச் சட்டம் 1983 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆசியாவில் அமெரிக்கப் படைவீரருக்குப் பிறந்த பிள்ளைகளை ஏற்க வழிசெய்யும் முதற் சட்டம் அமெரிக்காவில் 1982 அக்டோபரில், அதாவது பிரித்தானியத் தட்டு வெளிவந்த அடுத்த மாதம், கையெழுத்தானது. வியட்நாம் பிள்ளைகள் பெருமளவில் போக முடிந்தது 1987இல் இயற்றப்பட்ட இரண்டாவது சட்டத்துக்குப் பிறகுதான். இந்தியாவோ, இலங்கை மலையகத் தமிழரைப் பொறுப்பேற்க 1964இல் செய்த ஒப்பந்தத்தின் காலம் 1981 அக்டோபரோடு முடிந்தது என்ற நிலைப்பாட்டை எடுத்திருந்தது. யார் எந்த நாட்டுக்காரர் என்ற கணக்கை மூன்று கண்டங்களில் அரசுகள் திருத்தி எழுதிய நாட்களில் அந்தத் தட்டு கடையில் இருந்தது.

5. 1991: மறுபக்கம் மாற்றப்படுகிறது

1991இல் லீவைஸ் காற்சட்டை விளம்பரம் ஒன்றில் 'ஷுட் ஐ ஸ்டே ஓர் ஷுட் ஐ கோ' ஒலித்தது. பாட்டை மீண்டும் தட்டாக வெளியிட்டார்கள். அவ்வாண்டு மார்ச்சில் அது பிரித்தானியப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்து இரண்டு வாரம் நின்றது. குழு கலைந்து ஐந்து ஆண்டுகள் ஆனபின் கிளாஷ் பெற்ற ஒரே முதலிடம் அது.

இம்முறை பின்பக்கத்தில் 'ஸ்ட்ரெயிட் டு ஹெல்' இல்லை. மிக் ஜோன்ஸ் பின்னர் தொடங்கிய 'பிக் ஓடியோ டைனமைட்' குழுவின் 'ரஷ்' என்ற பாட்டு அங்கே இருந்தது. ஒரு குழுவின் தட்டில் இன்னொரு குழுவின் பாட்டு பின்பக்கமாவது அரிது. காற்சட்டை விற்கும் பாட்டுக்கு நாடற்றவர் பாட்டு பொருத்தமான துணையாகத் தோன்றியிருக்காது. இருந்தாலும் 'ரஷ்' வெறும் இடநிரப்பி என்று தள்ளக்கூடியதும் இல்லை. 'த ஹூ' குழுவினரின் பழைய பாட்டு உள்ளிட்ட பிறர் பதிவுகளிலிருந்து துணுக்குகளை வெட்டி ஒட்டிக் கட்டிய பாட்டு அது. பழைய தட்டின் துண்டிலிருந்து புதிய பாட்டை உருவாக்கும் அந்த வேலைமுறையே 'ஸ்ட்ரெயிட் டு ஹெல்'லைப் பின்னர் மீட்டெடுத்தது.

6. 'பேப்பர் பிளேன்ஸ்'

மாயா அருள்பிரகாசம் 1975இல் மேற்கு லண்டனில் பிறந்தார். கைக்குழந்தையாக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு யாழ்ப்பாணத்தில் வளர்ந்தார். 1980களின் நடுவில் தாயோடும் உடன்பிறந்தோரோடும் அகதியாக லண்டன் திரும்பினார். அவருடைய முதல் தட்டு 'கலாங்' 2003இல் 500 பிரதிகள் மட்டும் அச்சானது. முதல் அல்பத்துக்குத் தந்தையின் இயக்கப்பெயரான 'அருளர்' என்பதையும், 2007இல் வந்த இரண்டாவது அல்பத்துக்குத் தாயின் பெயரான 'கலா' என்பதையும் தலைப்பாக வைத்தார்.

இரண்டாவது அல்பத்தை அமெரிக்காவில் செய்யவே எண்ணியிருந்தார். 2006இல் அமெரிக்க விசா மறுக்கப்பட்டது. அதனால் பல நாடுகளில் அலைந்து பதிவுசெய்தார். சென்னைக்கும் வந்தார். அங்கே பதிவான 'பேர்ட் ஃபுளூ', 'போய்ஸ்' ஆகிய பாடல்களில் உருமி உறுமுகிறது. நம் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் தப்போடு உருமியைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, லண்டன் நடன அரங்குகளை அதிரவைத்த அந்த ஒலி எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அந்த அல்பத்தின் மூன்றாவது தனிப்பாடல் 'பேப்பர் பிளேன்ஸ்'. 2008 பெப்ரவரியில் அதன் மறுகலப்புத் தொகுப்பு 'ஹோம்லண்ட் செக்யூரிட்டி ரீமிக்சஸ்' என்ற தலைப்போடு வெளிவந்தது. எல்லைகளையும் விசாக்களையும் காக்கும் அமெரிக்கத் திணைக்களத்தின் பெயர் அது. பாட்டு உடனே பரவவில்லை. அவ்வாண்டு கோடையில் 'பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்' படத்தின் முன்னோட்டத்தில் ஒலித்த பிறகு அமெரிக்கப் பட்டியலில் ஏறி 4ஆம் இடத்தைத் தொட்டது. அடுத்து 'ஸ்லம்டோக் மில்லியனர்' படத்தில் வந்தது. ஆண்டின் சிறந்த பதிவுக்கான கிராமி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. பாடலாசிரியர் பட்டியலில் மாயா, இசைத் தயாரிப்பாளர் டிப்லோ ஆகியோரோடு கிளாஷ் உறுப்பினர் நால்வரின் பெயரும் இருக்கிறது. ஸ்ட்ரமர் 2002 டிசம்பரிலேயே இறந்துவிட்டார்.

கவனிக்கவேண்டியது இது. 1982இல் அமெரிக்கத் தனித்தட்டுகளில் இடம் கிடைக்காத, 1991இல் கழற்றி மாற்றப்பட்ட மறுபக்கத்தின் இசை, 2008இல் அதே அமெரிக்காவின் பட்டியலில், முன்பக்கப் பாட்டு அன்று எட்டிய 45ஆம் இடத்தைக் கடந்து வெகுமேலே நின்றது.

பாட்டின் பல்லவியில் துப்பாக்கி வெடிப்பும் கல்லாப்பெட்டி ஒலியும் வருகின்றன. அமெரிக்கத் தொலைக்காட்சிகள் வெடியொலியை மாற்றின, மழுப்பின. விமர்சகர்களும் அந்த ஒலியிலேயே தங்கிவிட்டார்கள். தந்தை விடுதலைப் புலி, ஆகவே மகள் பாட்டில் துப்பாக்கி என்று ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதின. இது தகவற் பிழை. அருளர் புலிகள் இயக்கத்தவர் அல்லர். 1975இல் லண்டனில் உருவான ஈரோஸ் அமைப்பின் நிறுவனர்களுள் ஒருவர். பாட்டின் சரணங்களோ போலி விசா செய்யும் ஒருத்தியின் குரலில் அமைந்தவை. விசாவுக்காகத் தாம் பட்ட பாட்டையும், குடியேறிகளை ஆபத்தானவர்களாகவே பார்க்கும் பார்வையையும் பற்றியது அது என்று மாயாவும் நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார்.

7. ஊவாவிலிருந்து பார்க்கும்போது

ஈரோஸ் பற்றிய குறிப்பு இங்கே தற்செயலானதல்ல. அக்காலத் தமிழ் இயக்கங்களுள் மலையகத் தமிழரைத் தன் அரசியலின் மையத்தில் வைத்தது ஈரோஸ். ஈழத்தின் வரைபடத்துக்குள் தோட்டப்பகுதிகளையும் சேர்த்துப் பேசியது. தமிழருக்கு எதிரான 1977 வன்செயலுக்குப் பின் தோட்டங்களிலிருந்து ஓடிவந்த குடும்பங்கள் வவுனியாக் காடுகளில் குடியேறின. அவ்வன்செயலின் அகதிகளைக் கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்கு ஏற்றிச்சென்ற கப்பலைக் களமாக்கி 'லங்கா ராணி' நாவலை எழுதியவர் அருளர். மகளின் பாட்டுக்குப் பின்னால் போராளித் தந்தையைத் தேடிய பத்திரிகையாளர்கள், இடம்பெயர்ந்தவர்களைப் பற்றி நாவல் எழுதிய தந்தையைக் கண்டுகொள்ளவில்லை.

ஊவாவின் கதை 1948க்குப் போகிறது. 1947 தேர்தலில் மலையகத் தொழிலாளர் வாக்களித்தார்கள். இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. பதுளையிலிருந்து எஸ். எம். சுப்பையா நாடாளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையும் இங்கே பிறந்தவர், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டவேண்டும். கோப்பிக் காலத்தில் லயத்தில் பிறந்த பாட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கும்? ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவரானார்கள். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே அது கிடைத்தது.

1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பங்கிடப்பட்டவர்களிடம் எவரும் விருப்பம் கேட்டு ஒப்பந்தத்தை எழுதவில்லை. பதுளையிலும் தெமோதரையிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் கோச்சி ஏறி, தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம் சேர்ந்து, மண்டபம் முகாமில் பதிந்து, நீலகிரியிலோ வேறெங்கோ இறங்கியவர்கள் பலர். தகரப்பெட்டியின் அடியில் துணி சுற்றி வைத்த கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும்தான் அவர்கள் கையில் இருந்த சொத்து. இங்கே 'கள்ளத்தோணி' என்று ஏசப்பட்டவர்களை அங்கே 'சிலோன்காரர்' என்று அழைத்தார்கள். பதுளைத் தோட்டமொன்றில் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராக இருந்து, அத்தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப் தமது சிறுகதைத் தொகுப்புக்கு 1979இல் 'நாமிருக்கும் நாடே' என்று தலைப்பிட்டார். அந்தத் தலைப்பின் கனத்தை உணர மேற்சொன்ன எண்கள் உதவும்.

'ஸ்ட்ரெயிட் டு ஹெல்'லில் உருக்காலை நகரத்துத் தொழிலாளியும் வியட்நாம் பிள்ளையும் வேறு வேறு ஆட்கள். வேலைக்கு அழைத்துவந்து பிறகு வெளியே போகச் சொல்வது ஒருவனுக்கு நேர்கிறது. தகப்பன் நாடு ஏற்க மறுப்பது மற்றவனுக்கு நேர்கிறது. ஊவாத் தோட்டத்தில் இரண்டும் ஒரே குடும்பத்துக்கு நேர்ந்தன. ஸ்ட்ரமர் நம்மை அறிந்து எழுதவில்லை என்பது உண்மை. ஆயினும் அவர் பாடிய நிலைமையை நம் மக்கள் முழுமையாக வாழ்ந்திருக்கிறார்கள்.

8. ஒரு மறுப்பும் அதற்கான எல்லையும்

இந்த வாசிப்புக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. மாயா யாழ்ப்பாண வேர் கொண்டவர். மலையகத் தமிழரின் துயரத்தை வடக்கின் அரசியலுக்குள் கரைத்துவிடும் பழக்கம் நெடுநாளாக இருக்கிறது. ஈரோஸின் வரைபடமும் நல்லெண்ணத்தோடு அதையே செய்தது என்று வாதிடலாம். 1948–49இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனபோது தமிழ்க் காங்கிரஸ் அரசோடு இருந்ததும், அதை எதிர்த்துப் பிரிந்தவர்கள் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதும் வரலாறு. வடக்கு ஒரே குரலில் நமக்காகப் பேசியதில்லை.

இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். 'பேப்பர் பிளேன்ஸ்' மலையகப் பாட்டு என்று நான் வாதிடவில்லை. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் மலையக மக்களாகத் தம் பெயரிலேயே தம் கோரிக்கைகளை முன்வைத்தார்கள். அவர்களுடைய அரசியலை வேறு எவரது பாட்டும் ஈடுசெய்யாது. நான் சொல்வது அளவிலே சிறியது. அந்தப் பாட்டைத் துப்பாக்கிப் பாட்டாகக் கேட்பவர்கள் அதன் ஒரு பக்கத்தை மட்டுமே கேட்கிறார்கள். அது எந்தத் தட்டின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதை அறிந்தவர்களுக்கு, அது பத்திரம் மறுக்கப்பட்டவர்களின் பாட்டாகக் கேட்கும். வெளியீட்டு வரலாறு இங்கே பொருளையே திருத்துகிறது.

9. நம் தட்டுகள்

கிளாஷின் ஒரு தட்டைப் பற்றி இவ்வளவு பேச முடிந்ததற்குக் காரணம், அதன் ஒவ்வொரு பதிப்பையும் இரு பக்கங்களோடு யாரோ பதிந்துவைத்திருக்கிறார்கள் என்பதுதான். சிலோன் மனோகர், நித்தி கனகரத்தினம் முதலியோரின் பொப் தட்டுகளுக்கும், திருவிழாக் காலத்தில் தோட்டத்து ஒலிபெருக்கிகளில் சுழன்ற 78, 45 வேகத் தட்டுகளுக்கும் அதே அளவு நுணுக்கமான பட்டியல் வேண்டும். பாட்டு இணையத்தில் கிடைத்தால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. எந்தப் பாட்டோடு எந்தப் பாட்டு சேர்ந்து வந்தது, எந்த நிறுவனம் எந்த ஆண்டு வெளியிட்டது என்பன தட்டின் நடுவே ஒட்டிய தாளிலும் உறையிலும் மட்டுமே இருக்கின்றன.

பதுளை, பசறை, அப்புத்தளை, வெலிமடைப் பக்கம் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர்களின் வீடுகளிலும், கோயில் களஞ்சிய அறைகளிலும், பழைய பாடசாலை அலுமாரிகளிலும் தட்டுகள் இருந்தால் இரு பக்கத் தாள்களையும் உறையின் முன்னும் பின்னும் தெளிவாகப் படம் எடுத்து, ஈழத்து ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்கு அனுப்பிவையுங்கள். கீறல் விழுந்து ஓடாத தட்டாக இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள்.